எங்களுக்குப் பின்னால் வந்த கிணறு

எங்க ஊர்ப் பேரு வந்தகிணறு. பேரைக் கேட்டதும் சிரிக்கிறவங்கதான் அதிகம். கிணறு எதுல வந்துச்சு, பஸ்ஸுலயான்னு கேப்பாங்க. பஸ்ஸு இன்னைக்கு வரைக்கும் எங்க ஊருக்கு வந்ததில்ல, கிணறு நடந்துதான் வந்துச்சுன்னு சொன்னா, பாவம் நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்துச்சு இந்தப் பொம்பளைன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிடுவாங்க. நம்பாதவங்க நம்பாமப் போகட்டும், எனக்கென்ன குறைஞ்சுபோச்சு. ஊர் உண்டான கதையைக் கேக்கணும்னு நாலு மைல் உடங்காட்டுக்குள்ள முள்ளு குத்த நடந்து வந்திருக்கீங்க, அதுக்காகச் சொல்றேன். நான் அந்தக் கிணறு கூடவே வந்தவ. அப்ப எனக்கு ஏழு வயசு. பேரு சீனியம்மா, சீனின்னு கூப்பிடுவாங்க.

எங்க பழைய ஊரு கொம்பூருணி. அங்க ஏழு வருஷமா மழை இல்ல. ஏழு வருஷம்னா என் வயசுன்னு வச்சுக்கோங்க. மழைங்கிறது பெரியவங்க எங்களைத் தூங்க வைக்கச் சொல்ற கதைன்னுதான் நாங்க பிள்ளைங்க நெனச்சிருந்தோம். ஊருணி வத்தி, கண்மாய் வெடிச்சு, வெடிப்புக்குள்ள ஆட்டுக்குட்டி காலு மாட்டி, ஆடு போயி, பாதி மாடு போயி, இருநூறு வீடு இருந்த ஊர்ல ஒவ்வொரு வீடா பூட்டிக்கிட்டு, பூட்டு வாங்க வக்கில்லாதவங்க கதவைச் சும்மா சாத்திக்கிட்டுப் போனது போக, கடைசியா மிஞ்சுனது பத்தொன்பது வீடும் ஒரு கிணறும். கிணறு எண்பதடி ஆழம். அடியில பாறை, பாறைக்குள்ள பொந்து மாதிரி ஒரு பொடவு, அந்தப் பொடவுக்குள்ள சிரட்டை அளவுக்கு ஒரு ஊத்து கசியும். பெரியாளு யாரும் அதுக்குள்ள நுழைய முடியாது. அதனால ஒரு சின்னப் பிள்ளையைப் பனையோலைக் கடகப்பெட்டியில உக்கார வச்சு, வடத்தைக் கட்டி உள்ள இறக்குவாங்க. பிள்ளை பொடவுக்குள்ள ஊர்ந்து போயி, சிரட்டையால மோந்து மோந்து குடத்துல ஊத்தும். ஒரு வீட்டுக் குடம் நிறைஞ்சு மேல வந்ததும், அந்த வீட்டுப் பொம்பளை கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுக்குப் போதும்த்தா"ன்னு குரல் குடுக்கணும். அப்பத்தான் அடுத்த வீட்டுக் குடம் இறங்கும். பத்தொன்பது வீடும் போதும்னு சொன்ன பிறகுதான் பிள்ளை மேல வரணும். அதுதான் முறை. எல்லாரும் சொல்லாம மேல வந்திராதன்னு சொல்லித்தான் பெட்டியில உக்கார வைப்பாங்க.

அந்தப் பொடவுக்குள்ள நுழையிற அளவுக்கு உடம்பு, ஊர்லயே ரெண்டு பிள்ளைகளுக்குத்தான். ஒண்ணு நான். இன்னொண்ணு உலகம்மா, உலகுன்னு கூப்பிடுவோம், குருவம்மா அத்தையோட ஒரே மக. அத்தை புருஷன் உலகு பொறந்த வருஷமே பாம்பு தீண்டிப் போயிட்டாரு. ஒரு நாள் நான் இறங்குவேன், ஒரு நாள் அவ இறங்குவா. பங்குனி மாசம் ஒரு செவ்வாக்கிழமை காலையில உலகு இறங்குனா. முதல் குடம் பாதி நிறைஞ்சிருக்கும், கிணத்தோட கீழ்ப்பக்கச் சுவரு அப்படியே உள்ள உக்காந்துருச்சு.

மூணு நாள் தோண்டுனாங்க. தோண்டத் தோண்ட மண்ணு சரிஞ்சு, தோண்டப் போனவங்களே தப்பிச்சு வந்தது பெரிய காரியமாப் போச்சு. பிள்ளையும் கிடைக்கலை, ஊத்தும் அடைஞ்சுபோச்சு. நாலாம் நாள் எங்க ஊர்த்தலைவரு வெயிலுமுத்து மாமா வண்டியைப் பூட்டச் சொல்லிட்டாரு. ஆறு வண்டி. குருவம்மா அத்தை கிணத்துக் கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னுட்டா. நாலு பொம்பளைங்க அவ விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு, தூக்கி வண்டியில போட்டாங்க. அந்த நாலுல ஒருத்தி எங்கம்மா ராமுத்தாய்.

மறுநாள் உச்சிப்பொழுதுல, மாடு நாக்கைத் தொங்கப் போட்டு நின்னப்ப, பின் வண்டியில இருந்த யாரோ திரும்பிப் பார்த்துட்டு, "ஏய், நம்ம கிணறு வருது"ன்னாங்க. மாடு வருது, ஆடு வருதுன்னு சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. திரும்பிப் பார்த்தா, பொட்டக்காட்டுல ஒரு கூப்பிடு தூரத்துல, ரெண்டு கல் தூணும், நடுவுல உருளையும், வடம் உரசி உரசித் தேஞ்ச அதே கைப்பிடிச் சுவருமா எங்க கிணறு உக்காந்திருக்கு. அது நடந்ததை யாரும் பார்த்ததில்ல. முன்னாடி பார்த்துக்கிட்டு நாங்க போவோம், திரும்பிப் பார்த்தா அதே கூப்பிடு தூரத்துல உக்காந்திருக்கும், திரும்பவும் போவோம், திரும்பவும் பார்த்தா அங்கயே இருக்கும். வெயிலுமுத்து மாமா மட்டும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயி உள்ள எட்டிப் பார்த்தாரு. இடிஞ்ச தடமே இல்ல. கை நீட்டுனா தொடுற உயரத்துல தண்ணி. வாளியை விட்டு மோந்து வாயில ஊத்துனாரு. "கற்கண்டு மாதிரி இருக்கு, வாங்கய்யா"ன்னாரு. நாங்க எல்லாரும் ஓடுனோம், மாடும் வண்டியோட சேர்ந்து ஓடுச்சு. இது எப்படி வந்துச்சு, யாரு கொண்டுவந்தான்னு ஒருத்தர் கேக்கலையே. தொண்டை காஞ்சு கிடந்தவன் கேள்வியா கேப்பான்?

கேட்டது குருவம்மா அத்தைதான். எல்லாரும் குடிச்சு முடிச்சு வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்த பிறகு, அத்தை எந்திரிச்சுப் போயி கிணத்துக் கல்லுல காதை வச்சுக் கேட்டா. ரொம்ப நேரம் கேட்டா. அப்புறம் உள்ள குனிஞ்சு, "உலகு, நம்ம வீட்டுக்குப் போதும்த்தா, மேல வா"ன்னு குரல் குடுத்தா. பதில் ஒண்ணும் வரலை. ஆனா அதுக்குப் பிறகு அத்தை விட்ட வாளி காலியா வந்துச்சு. தண்ணி தளும்புது, வாளி முங்குது, மேல வந்தா ஒரு சொட்டு இல்ல. பக்கத்துல எங்கம்மா விட்டா நிறைஞ்சு வருது. மூணு தடவை பார்த்தோம். அத்தைக்கு அங்கயே விளங்கிருச்சு. திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்துச் சொன்னா:

"எம்பிள்ளை உள்ளதான் இருக்கா. இன்னும் மோந்து ஊத்திக்கிட்டே இருக்கா. அன்னைக்கு நீங்க யாரும் போதும்னு சொல்லலையே, அவ எப்படி மேல வருவா? என் வீடு சொல்லிருச்சு. மிச்சம் பதினெட்டு வீடும் வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஒருத்தரும் எந்திரிக்கலை. எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு, போதும்னு சொன்ன வீட்டுக்கு வாளி நிறையாது. வெயிலுமுத்து மாமாதான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "சொல்லிருவோம் தங்கச்சி. தண்ணி கிடைக்கிற ஒரு இடத்துக்குப் போய்ச் சேந்ததும் முதல் வேலையாச் சொல்லிருவோம்"னாரு. தண்ணி கையில இருக்கும்போதே தண்ணி கிடைக்கிற இடத்துக்குப் போறதாச் சொன்னவரு அவரு.

பதினோரு நாள் அப்படியே நடந்தோம். பதினோராம் நாள், இதோ இந்த உடங்காட்டு நடுவுல, ஒரு உடைமரத்து நெழல்ல குருவம்மா அத்தை வண்டியை விட்டு இறங்கி உக்காந்துட்டா. இழுத்தாங்க, அதட்டுனாங்க, கெஞ்சுனாங்க. அசையலை. "ஏழு வயசுப் பிள்ளையை எத்தனை நாளு நடக்க வைப்பீக? தலையில கிணத்தைச் சுமந்துக்கிட்டு வாரா. அவ கால் என்னத்துக்கு ஆகும்? நான் எந்திரிச்சாத்தானே அவ எந்திரிப்பா. நான் எந்திரிக்க மாட்டேன்"னுட்டா. வண்டியை ஓட்டிப் பார்த்தாங்க. கிணறு அத்தை பக்கத்துலயே நின்னுக்கிடுச்சு, எங்க பின்னாடி வரலை. வேற வழி? மாட்டை அவுத்தோம். எங்க ஊர் உண்டானது அப்படித்தான். மண்ணு நல்ல மண்ணுன்னோ, சகுனம் பார்த்தோ, சாமி கனவுல வந்து காட்டியோ உண்டான ஊரு இல்ல இது. உவர் மண்ணு, ஓணானும் முள்ளும் தவிர ஒண்ணும் கிடையாது, எந்தப் பாதைக்கும் நாலு மைல் தள்ளி. ஒரு தாய் பிள்ளைக்குக் கால் வலிக்கும்னு உக்காந்த இடம்.

அந்த வருஷமே மழையும் பேஞ்சுச்சு. நாங்க பிள்ளைங்க பயந்து அழுதோம், வானம் உடைஞ்சு விழுதுன்னு. மழை பேஞ்சதும் சொல்லிருவோம்னாங்க, பேஞ்சுச்சு, கம்பு விளைஞ்சு வரட்டும்னாங்க, விளைஞ்சுச்சு, வேற ஒரு கிணறு வெட்டிக்கிட்டுச் சொல்லிருவோம்னாங்க. எட்டு இடத்துல வெட்டுனாங்க. எட்டுலயும் உப்பு. குருவம்மா அத்தை மட்டும் அந்தக் கிணத்துத் தண்ணிய நாக்குல வைக்க மாட்டா. நாலு மைல் நடந்து பாதையோரத்து ஊருணிக்குப் போயி, ஒரு குடம் எடுத்துக்கிட்டு நாலு மைல் திரும்பி வருவா. அந்த ஒரு குடத்துலதான் அவ சோறும் குடிக்கிறதும் எல்லாம். போறதுக்கு முன்னாடி, காலையில ஒரு வீட்டு வாசல்ல வந்து நிப்பா. இன்னைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு. வாயைத் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டா. குடம் இடுப்புல இருக்கும், நின்னு பார்த்துட்டுப் போயிருவா. பதினெட்டு நாளைக்கு ஒரு தடவை எங்க வீட்டு முறை வரும். அன்னைக்கு எங்கம்மா பொழுது விடியவும் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கிடுவா.

அவ வந்து நிக்கிறதுக்குப் பழகிக்கிட்ட மாதிரியே எங்க ஊரு எல்லாத்துக்கும் பழகிக்கிடுச்சு. போதும்ங்கிற வார்த்தையை ஊர்லயே யாரும் சொல்லக்கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு. கிணறு எங்கயோ கிடக்கு, சோறு எங்கயோ திங்கிறோம், ஆனாலும் பயம். பந்தியில உக்காந்தவன் இலைக்கு மேல கையை விரிச்சு மறைக்கணும், வாயால சொல்லக்கூடாது. வெளியூர்ல இருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு பொண்ணு, மாமியா இன்னொரு கரண்டி வைக்க வந்தப்ப, "போதும் அத்தை"ன்னுட்டா. அம்புட்டுத்தான், வீடே எந்திரிச்சுக் கிணத்தைப் பார்க்க ஓடுச்சு. அந்தப் பொண்ணு இலை முன்னாடி உக்காந்துக்கிட்டு, எந்தக் கிறுக்குப்பய ஊருக்கு என்னைக் குடுத்தீகன்னு அழுதுச்சு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயி அந்த வார்த்தையைக் கத்துக்கிட்டு வந்தா, வாயில வேப்பெண்ணெய் வச்சாங்க. நிலம் அளக்க வந்த சர்வேயர் வரைபடத்தை விரிச்சுப் பார்த்துட்டு, "இந்தக் கிணறு கொம்பூருணியிலதானே இருக்கணும், இங்க எப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு. அங்க போய்ப் பார்த்துட்டு வாங்க சார்னு சொன்னோம். பாவம் போனாரு. வெறுந்தரை கிடந்ததைப் பார்த்துட்டுத் திரும்பி வந்து, ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சு, மேல எதுவும் கேக்காம வந்தகிணறுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. விவரமான மனுஷன்.

ஆனா கல்லும் ஒரு நாள் கரையும்ல. அஞ்சாம் வருஷம் அம்மை வந்து, பேச்சிமுத்து வீட்டு ஆம்பளைப் பிள்ளை செத்துப்போச்சு. புதைச்சுட்டு வந்த மறுநாள் அந்தத் தாய் நேரா கிணத்துக்குப் போயி, "உலகு, எங்க வீட்டுக்குப் போதும்த்தா"ன்னு சொல்லிட்டு, குருவம்மா அத்தையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. அவ வீட்டு வாளி அன்னையிலருந்து காலி. பக்கத்து வீட்டுக்காரங்க மோந்து குடுத்தாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வீடாச் சொல்லுச்சு. வெயிலுமுத்து மாமா ஒத்தை மகளைக் கட்டிக் குடுத்து, வண்டி உடங்காட்டுக்குள்ள மறையிற வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னவரு, அப்படியே திரும்பி வந்து கிணத்துல சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போனாரு. சொன்ன வீடு, சொல்லாத வீடுன்னு ஊரு ரெண்டாச்சு. சொல்லாத வீடு சொன்ன வீட்டுக்குத் தண்ணி மோந்து குடுக்கணும், இல்லன்னு சொல்லக்கூடாது. இருபத்தி மூணு வருஷத்துல பதினேழு வீடு சொல்லி முடிச்சுச்சு. மிஞ்சுனது ஒரே வீடு.

எங்க வீடு.

எங்கப்பா அதுக்கு முன்னாடியே காலமாயிட்டாரு. எங்கம்மா கையி வடத்துல இருந்தாத்தான் வாளியில தண்ணி நிக்கும், இல்லன்னா என் கையி இருக்கணும். பத்தொன்பது வீட்டுக்கும், பிரிஞ்சு கட்டுன புது வீடுகளுக்கும், ஆடு மாட்டுக்கும், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நாங்க ரெண்டு பேருதான் இறைச்சோம். விடியக் கருக்கல்ல வடத்தைப் பிடிச்சா அந்தி வரைக்கும். எங்கம்மா உள்ளங்கையில ரேகையே அழிஞ்சுபோச்சு. எனக்கும் ஒருத்தரைப் பார்த்துக் கட்டி வச்சாங்க. அவரு ரெண்டு வருஷம் பார்த்துட்டு, இது குடித்தனமா, மாடு கட்டி இறைக்கிற கமலையான்னு கேட்டுட்டு, வந்த வழியே போயிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். சொன்ன வீட்டுக்காரங்கதான் என் வயித்தெரிச்சல். போதும்னு சொல்லி மனசைக் கழுவிக்கிட்டாங்க, குடத்தை மட்டும் எங்க முன்னாடி வரிசையா வச்சாங்க. புண்ணியம் அவங்களுக்கு, பாவம் எங்களுக்கு. நாங்களும் சொல்லிட்டா என்ன செய்வீகன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே ஊரு திரண்டு வந்து எங்க வாசல்ல உக்காந்துக்கிட்டு, அப்படியெல்லாம் பேசாத தாயின்னு கண்ணைக் கசக்குனாங்க.

அம்மா ஏன் சொல்லலைன்னு அவங்க யாருக்கும் தெரியாது. ஊருக்காகத்தான் ராமுத்தாய் சொல்லாம இருக்கா, தெய்வம் மாதிரின்னு பேசிக்கிட்டாங்க. அம்மாவுக்கு உலகுங்கிற பேரே வாயில வராது, அதான் காரணம். சாகுற வரைக்கும் இறைச்சா, ஒரு நாள் வடத்தைப் பிடிச்சபடியே சாய்ஞ்சு விழுந்தா, போயிட்டா. அதுக்குப் பிறகு ஒன்பது வருஷம் நான் ஒருத்தியா இறைச்சேன். பதினெட்டு நாளைக்கு ஒரு தடவைங்கிறது போயி, குருவம்மா அத்தை தினமும் எங்க வாசலுக்குத்தான் வந்தா. வேற வாசல் அவளுக்கு இல்லையே. நான் கதவைச் சாத்த மாட்டேன், அவ முகத்தையும் பார்க்க மாட்டேன்.

அப்புறம் ஒரு நாள் அவ வரலை. ரெண்டாம் நாளும் வரலை. ஊருணிப் பாதையில வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு விட்டுப்போயி, யாரோ தூக்கிட்டு வந்து கட்டில்ல போட்டிருந்தாங்க. மண்டபத்துல பந்தி மாதிரி அவ கட்டிலைச் சுத்தி சொம்பு சொம்பாத் தண்ணி. எல்லாம் நான் இறைச்ச தண்ணி. ஒரு சொட்டு குடிக்கலை. உதடு வெடிச்சுக் கிடந்தா. மூணாம் நாள் காலையில நான் ஒரு சொம்பு எடுத்துக்கிட்டுப் போயி, தலையைத் தாங்கி வாயில வச்சேன். முகத்தைத் திருப்பிக்கிட்டா.

"அத்தை, செத்துப்போவீகத்தை. ஒரு மடக்கு."

"பிள்ளை கையால மோந்து மோந்து ஊத்துறா. நாப்பது வருஷமா. அதை எப்படித்தா என் தொண்டையில இறக்குவேன்?"

சொம்பைக் கீழ வச்சுட்டு, அவ கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். நாப்பது வருஷமா யார்கிட்டயும் சொல்லாததைச் சொன்னேன். அந்தச் செவ்வாக்கிழமை இறங்க வேண்டியது நானு. என் முறை. ரெண்டு நாளுக்கு முன்னாடி நான் உள்ள போனப்ப கிணத்துச் சுவர்ல மண்ணு உதிருதுன்னு அம்மாகிட்ட வந்து சொன்னேன். அம்மா அதை ஊருக்குச் சொல்லியிருக்கணும். சொன்னா யாருக்கும் தண்ணி இல்ல. செவ்வாக்கிழமை காலையில உடம்பு சுடட்டும்னு வெங்காயத்தை நசுக்கி என் அக்குள்ள வச்சு, துணியால இறுக்கிக் கட்டி, பிள்ளைக்குக் காய்ச்சல் மதினி, இன்னைக்கு உலகு இறங்கட்டும்னு உங்ககிட்டச் சொன்னா. எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கலை அத்தை. என் அக்குள்தானே. நான் வாயை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன்.

அத்தை கூரையைப் பார்த்தபடியே சொன்னா:

"தெரியும்த்தா. அன்னைக்கு வந்து உன் நெத்தியில கை வச்சுப் பார்த்தேன்ல? வெங்காய வாடை தெரியாத மூக்கா எனக்கு? பெத்தவ, பயப்படுறா, இன்னைக்கு ஒரு நாள் நம்ம பிள்ளை போகட்டும்னு நெனச்சேன். சுவரு உதிர்ந்த விஷயம் எனக்குத் தெரியாது. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியாது." என் பக்கம் திரும்பி, "தெரிஞ்சிருந்தா நானும் வெங்காயந்தான் தேடியிருப்பேன்"னா.

"ஏன்த்தை இத்தனை வருஷம் கேக்கலை? அம்மாவை நாலு பேர் முன்னாடி நிறுத்திக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா? அவ நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்திருப்பா. அப்புறம் உங்க வீட்டுல யாரு சொல்றது? நீ சின்னப்பிள்ளை. நீங்களாத்தான் வந்து சொல்லணும். அதுக்குத்தானே வந்து வந்து நின்னேன்."

நான் எந்திரிச்சேன். அழுகையும் கோவமுமா எனக்குக் கண்ணு தெரியலை. எங்க வீட்டுக்குப் போயி, பரண்ல கிடந்த கடகப்பெட்டியை எடுத்துக்கிட்டு வெளிய வந்தா, எப்படித்தான் மோப்பம் பிடிச்சாங்களோ, கிணத்தைச் சுத்தி ஊரே நிக்குது. வெயிலுமுத்து மாமா, தொண்ணூறை நெருங்குன வயசு, கம்பை ஊனிக்கிட்டு முன்னாடி வந்தாரு.

"சீனி, யோசிச்சுச் செய்யித்தா. கைப்பிள்ளை, கிழடு கட்டைன்னு இருநூறு உசுரு இருக்கு. வர்ற வெள்ளாமை முடியட்டும். அப்புறம் நானே உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரேன்."

"மாமா, இதையே நீங்க எனக்கு ஏழு வயசுல சொன்னீக"ன்னேன். "உங்க வாளி காலியாகி எத்தனை வருஷமாச்சு? உங்க பிள்ளை குட்டியெல்லாம் யார் கையால மோந்த தண்ணியில வளந்துச்சு? அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஏழு வயசு மாமா. வழியை விடுங்க. அங்க கிடக்குற கட்டிலைத் தூக்கிட்டு வர நாலு ஆம்பளை இந்த ஊர்ல இருக்கீகளா, இல்ல நானே இழுத்துட்டு வரவா?"

மாமா கம்பை ஊனிக்கிட்டு நின்னவரு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வழியை விட்டாரு. நாலு பேர் போயி குருவம்மா அத்தையைக் கட்டிலோட தூக்கிட்டு வந்து கிணத்தோரம் வச்சாங்க. நான் வாளியை அவுத்துட்டுக் கடகப்பெட்டியைக் கட்டி இறக்குனேன். குனிஞ்சேன். எங்கம்மா வாயில வராத பேரு, என் வாயிலயும் லேசுல வரலை. மூணு தடவை மூச்சுத்தான் வந்துச்சு. நாலாவது தடவைதான் சத்தம் வந்துச்சு.

"உலகு, எங்க வீட்டுக்குப் போதும்த்தா. எல்லா வீட்டுக்கும் போதும். மேல வா."

வடம் கனத்துச்சு. நாப்பது வருஷமா இறைச்ச கையி, எனக்குத் தெரியாத கனமா? இது தண்ணிக் கனம் இல்ல. நான் ஒருத்தி இழுக்க முடியாம உக்காந்துட்டேன். பின்னாடி பேச்சிமுத்து வீட்டு அம்மா வந்து வடத்தைப் பிடிச்சா. அப்புறம் இன்னொரு கையி, இன்னொரு கையின்னு சொன்ன பதினேழு வீட்டுக் கையும் வந்துச்சு. உருளை கிறீச்சிட்டுச் சுத்திச் சுத்தி நின்னுச்சு. பெட்டியில உலகு உக்காந்திருந்தா. அதே பூப்போட்ட பாவாடை, தலையெல்லாம் மண்ணு, மடியில பாதி நிறைஞ்ச குடம், கையில சிரட்டை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஒவ்வொருத்தர் முகமாப் பார்த்தா. யாரையும் அவளுக்கு அடையாளம் தெரியலை. என்கிட்ட வந்ததும் பார்வை நின்னுச்சு. நரைச்ச தலையும் காப்புக் காய்ச்ச கையுமா நின்னவளை எப்படித்தான் கண்டுபிடிச்சாளோ.

"சீனி, காய்ச்சல் விட்டுருச்சா?"ன்னா.

இன்னைக்கு வரைக்கும் அந்தக் கேள்விக்கு என்கிட்டப் பதில் இல்ல. கட்டில்ல இருந்து குருவம்மா அத்தைதான் சொன்னா: "விட்டுருச்சுத்தா. அவ நல்லா இருக்கா. நீ இங்க வா."

குரலை வச்சு அம்மாவைத் தெரிஞ்சுக்கிட்டா. குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடிப்போயி, "உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கே, நீ குடிக்கவே இல்லையா?"ன்னு அதட்டிட்டு, சிரட்டையில மோந்து வாயில வச்சா. அத்தை குடிச்சா. குடம் காலியாகுற வரைக்கும் மடக்கு மடக்காக் குடிச்சா. அப்புறம் உலகு கட்டில்ல ஏறி, அவ வயித்தைக் கட்டிக்கிட்டு, "தூக்கம் வருதும்மா"ன்னா. "தூங்குத்தா, வேலையெல்லாம் முடிஞ்சுருச்சு"ன்னு அத்தை சேலையை இழுத்துப் போத்திவிட்டா. தட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தா. பொழுது மேற்க சாய்ஞ்சப்ப அத்தை தட்டுறதை நிறுத்திட்டு, மெதுவாச் சேலையை விலக்குனா. ஏழு வயசுப் பிள்ளையோட எலும்பும், ஒரு பிடி ஈர மண்ணும் இருந்துச்சு. அந்தச் சேலையிலயே முடிஞ்சு, உடைமரத்தடியில குழி வெட்டிப் புதைச்சோம். அத்தை அழலை. நாங்கதான் அழுதோம். நாப்பது வருஷத்து அழுகையை அன்னைக்குத்தான் அழுதோம்.

விடிஞ்சு பார்த்தா கிணத்துல அடி தெரிஞ்சுச்சு. காஞ்ச பாறை. யாரும் யாரையும் திட்டலை. வண்டியை வெளிய இழுத்தாங்க, சட்டி பானையை ஏத்துனாங்க, பிள்ளைகளைத் தூக்கி வச்சாங்க, மாட்டைப் பூட்டுனாங்க. எங்களுக்குப் பழக்கம்தானே. மாடு தலையை ஆட்டவும் கழுத்து மணி எல்லாம் ஒண்ணா ஒலிச்சுச்சு. குருவம்மா அத்தை குழிமேட்டோரம் கட்டில்ல படுத்தபடியே, "நீங்க போங்க, நான் இருக்கேன்"னா.

வெயிலுமுத்து மாமாதான் முதல் வண்டியில இருந்தாரு. சாட்டையை எடுத்தவரு, குழிமேட்டைத் திரும்பிப் பார்த்தாரு. கை அப்படியே நின்னுச்சு. வண்டியை விட்டு ஒவ்வொரு காலா ஊனி இறங்கி, எங்க எல்லாரையும் பார்த்து, வாயில விரலை வச்சு, காதுல விழுற அளவுக்கு மட்டும் சொன்னாரு:

"சத்தம் போடாதீக. நம்ம கிளம்புனா பிள்ளை எந்திரிச்சு நம்ம பின்னாடியே வந்துரும்."

சொல்லிட்டு, குனிஞ்சு, மாட்டுக் கழுத்து மணியோட நாக்கை விரலால பிடிச்சுக்கிட்டு, கயித்தை மெதுவா அவுத்தாரு. அடுத்த வண்டிக்காரரும் இறங்கி அவுத்தாரு. அதுக்கடுத்தவரும். மாட்டையும் அவுத்துவிட்டோம். அப்புறம் பொம்பளைங்க எல்லாரும் குடத்தை எடுத்துக்கிட்டு ஊருணிக்கு நடந்தோம். இன்னைக்கும் நாலு மைல் நடந்துதான் தண்ணி எடுக்குறோம். எங்க ஊர்ல எந்த மாட்டுக்கும் நாங்க மணி கட்டுறதில்ல.